முக்கால் மணி நேரமும் நாற்பது நாட்களும்



கல்லூரியில் ஒரு பாடவேளை என்பது ஏறக்குறைய முக்கால் மணி நேரம். மணி அடித்து, ஆசிரியர் வந்து, வருகைப் பதிவு எடுத்து, முன்னாள் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துப் பாடத்தைத் தொடங்குவதற்குள் அதில் ஒரு பகுதி கழிந்துவிடும். எஞ்சிய நேரத்தில் பாதியைச் சன்னலுக்கு வெளியே பார்த்துக் கழிப்பவர்களும் நம்மிடையே இல்லாமல் இல்லை. முக்கால் மணி நேரத்தில் ஒரு மனிதன் அப்படி என்னதான் சாதித்துவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம்.

1935ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி, பிற்பகல் 3-15 மணிக்கும் 4 மணிக்கும் இடையே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்னும் பல்கலைக்கழக நகரில், 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் நான்கு போட்டிகளில் கலந்துகொண்டார். ஒன்றில் உலகச் சாதனையைச் சமன் செய்தார். மற்ற மூன்றிலும் உலகச் சாதனையை முறியடித்தார். ஒரு பாடவேளைக்குள் இத்தனையும் நடந்து முடிந்தது. அந்த மாணவரின் பெயர் ஜெஸ்ஸி ஓவன்ஸ்.

இப்பெயர் உங்களுக்குப் புதிதன்று. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்ற வீரர் அவர். ஹிட்லரின் கண் எதிரிலேயே, ஓர் இனத்தவரே உயர்ந்தவர் என்ற கொள்கையைத் தம் கால்களால் பொய்யாக்கியவர் என்று அவரைப் பலரும் போற்றியிருக்கின்றனர். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பெர்லின் அன்று. பெர்லினுக்கு முன்பு ஓவன்ஸ் உங்களைப்போல் ஒரு மாணவராக இருந்தாரே, அந்த நாட்களைப் பற்றியே பேசப் போகிறேன். சிறப்பாக, ஆன் ஆர்பரின் அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு வந்த நாற்பது நாட்களைப் பற்றியும், அந்த நாற்பதாம் நாள் அவருக்கு நேர்ந்த தோல்வியைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். வெற்றியைப் பற்றிச் சொல்லுவோர் பலர் உண்டு. அந்தத் தோல்வியைப் பற்றிச் சொல்லுவோர் சிலரே.

ஓவன்ஸ் 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில் ஓக்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிடும் குடியானவர். பாட்டனார் அடிமையாக வாழ்ந்தவர். பருத்தி விளையும் அந்த மண்ணில் உழைப்பு முழுவதும் குடியானவருடையது. விளைவில் பெரும்பகுதி நிலக்காரருடையது. குழந்தைகள் பலர், வருமானமோ சிறிது. போதாக்குறைக்கு அச்சிறுவனுக்கு மார்புச் சளி நோய் வேறு. குளிர்காலம் வந்தால் அவன் பிழைப்பானா என்று தாய் அஞ்சிய நாட்களும் உண்டு. உலகத்திலேயே விரைந்து ஓடக்கூடியவன் என்று பின்னாளில் பெயர் பெற்றவன், மூச்சுவிடவே திணறிய குழந்தையாக இருந்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு ஒன்பது வயதானபோது குடும்பம் ஊரை விட்டுப் புறப்பட்டது. அக்காலத்தில் கறுப்பினத்தவர் பல லட்சம் பேர், பிழைப்பையும் மானத்தையும் தேடித் தென்பகுதியை விட்டு வடக்கேயுள்ள தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஓவன்ஸ் குடும்பம் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரில் வந்து சேர்ந்தது. பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியை பெயர் என்ன என்று கேட்டார். வீட்டில் அவனை முதலெழுத்துக்களால் ‘ஜே.சி.’ என்றுதான் அழைப்பார்கள். தென்பகுதியின் இழுப்போடு அவன் சொன்ன அந்த இரண்டு எழுத்துக்கள் ஆசிரியையின் காதில் ‘ஜெஸ்ஸி’ என்று விழுந்தன. அவரும் அப்படியே பதிந்துகொண்டார். புது ஊரில், புதுப் பள்ளியில், ஆசிரியரை மறுத்துப் பேச ஓர் ஏழைச் சிறுவனுக்குத் துணிவு ஏது? உலகம் அறிந்த அந்தப் பெயர் இவ்வாறு பதிவேட்டில் நேர்ந்த ஒரு பிழையால் வந்தது.

அந்நகரின் ஃபேர்மவுண்ட் பள்ளியில் சார்லஸ் ரைலி என்றோர் உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். அவர் வெள்ளையர், வயதில் மூத்தவர், செல்வர் அல்லர். மெலிந்த அந்தச் சிறுவனிடம் ஏதோ இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். ஆனால் பள்ளி முடிந்ததும் பயிற்சிக்கு வா என்று அவர் அழைத்தபோது, சிறுவனால் வர இயலவில்லை. பள்ளி விட்டதும் செருப்புத் தைக்கும் கடையில் வேலை செய்து நாலு காசு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அவனுக்கு.

இந்த இடத்தில் வேறோர் ஆசிரியராயின், முடியாவிட்டால் போ என்று சொல்லியிருக்கலாம். ரைலி அவ்வாறு சொல்லவில்லை. மாலையில் முடியாவிட்டால் காலையில் வா என்றார். அன்று முதல் பள்ளி தொடங்குமுன், அதிகாலையில், இருவரும் தெருவோரத்தில் பயிற்சியைத் தொடங்கினர். ஒரு மாணவனுக்காக ஓர் ஆசிரியர் தம் உறக்கத்தை விட்டுக்கொடுத்தார். சிறுவனின் மெலிவைக் கண்டு, வீட்டிலிருந்து அவனுக்குச் சிற்றுண்டியும் கொண்டுவந்து கொடுத்தார் என்பர்.

ரைலி கற்றுக்கொடுத்த பாடம் எளிமையானது. தரை நெருப்பாகச் சுடுகிறது என்று எண்ணிக்கொண்டு ஓடு என்றார். பாதம் தரையில் தங்கக் கூடாது; பட்டதும் எழும்பிவிட வேண்டும். ஒரு நாள் அவனைக் குதிரைப் பந்தயத்துக்கு அழைத்துச் சென்று, நல்ல குதிரைகளின் முகத்தைக் கவனிக்கச் சொன்னார். அவற்றின் முகத்தில் சுளிப்பு இல்லை. பல்லைக் கடிப்பதும் இல்லை. ஓட்டம் முழுவதும் காலில் இருக்கிறது. ஓவன்ஸின் படங்களைப் பின்னாளில் பார்த்தவர்கள், இவர் முயற்சியே இல்லாமல் ஓடுகிறாரே என்று வியந்தனர். அது பல ஆண்டு முயற்சியால் வந்த முயற்சியின்மை. ரைலி மற்றொன்றும் சொல்லிவந்தார். நீ அடுத்த வெள்ளிக்கிழமைப் பந்தயத்துக்காகப் பழகவில்லை. நான்கு ஆண்டு கழித்து வரப்போகும் வெள்ளிக்கிழமைக்காகப் பழகுகிறாய் என்பது அவர் கருத்து. தேர்வுக்கு முந்திய இரவு மட்டும் விளக்கெரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

உயர்நிலைப் பள்ளி மாணவராக இருக்கும்போதே, 1932இல், ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஓவன்ஸ் ஓடிப் பார்த்தார். ரால்ப் மெட்காஃப் போன்ற வளர்ந்த வீரர்களுக்கு முன்னால் அவர் கால் எடுபடவில்லை. தோற்றுத் திரும்பினார். மறு ஆண்டு, 1933இல், சிக்காகோவில் நடந்த தேசியப் பள்ளிப் போட்டியில் 100 கஜ தூரத்தை 9.4 விநாடியில் ஓடி முடித்தார். அது அன்றைய உலகச் சாதனைக்குச் சமம். ஒரு பள்ளி மாணவர் செய்த காரியம் இது. பல பல்கலைக்கழகங்கள் அவரைத் தம்மிடம் வருமாறு அழைத்தன. அவர் தம் மாநிலத்தின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தைத் தேர்ந்துகொண்டார்.

அந்தத் தேர்வு சரியா என்று அன்றே சிலர் கேட்டனர். கறுப்பின மாணவரை நன்கு நடத்தாத அந்த இடத்துக்கு ஏன் போகவேண்டும் என்று கறுப்பின மக்களின் செய்தித்தாளிலேயே எழுதப்பட்டது. அவர்கள் அஞ்சியது வீண்போகவில்லை. கொலம்பஸ் நகரில் இருந்த அப்பல்கலைக்கழகத்தின் ஆடவர் விடுதியில் ஓவன்ஸுக்கு இடம் இல்லை. கறுப்பின மாணவர் சிலரோடு சேர்ந்து வெளியே ஒரு வீட்டில் தங்கினார். அவர்களாகவே சமைத்து உண்டனர். கல்லூரிக்கு அருகிலிருந்த உணவுச் சாலைகளில் அவர்களுக்கு உணவு பரிமாறமாட்டார்கள். அணியோடு வெளியூர் சென்றால், மற்ற வீரர்கள் ஓட்டலில் அமர்ந்து உண்ணும்போது, இவர் கட்டிக்கொடுத்த பொட்டலத்தை வண்டியில் வைத்து உண்ண வேண்டியிருந்தது. வெள்ளை வீரர்கள் தங்கும் ஓட்டலில் இவருக்கும் இடம் கிடைத்தால், முன்வாயில் வழியே நுழையக்கூடாது. பணியாட்கள் செல்லும் பின்வாயிலே வழி.

கல்விக்கு உதவித்தொகையும் இல்லை. மாநிலச் சட்டமன்றக் கட்டிடத்தில் சாமான் ஏற்றி இறக்கும் லிஃப்டை இயக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. பெட்ரோல் நிலையத்திலும் வேலை செய்தார். பகலில் வகுப்பு, பின்பு பயிற்சி, பிறகு வேலை, அதன் பிறகே புத்தகம். புத்தகத்துக்கு எஞ்சிய நேரம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இதைப் பின்னால் மறுபடியும் சொல்லவேண்டி வரும்.

பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பயிற்சியாளராக அமைந்தவர் லாரி ஸ்னைடர். ரைலி ஊட்டிய ஓட்டத்துக்கு ஸ்னைடர் நுட்பம் சேர்த்தார். குறுந்தூர ஓட்டத்தில் புறப்பாடு பாதி வெற்றி. புறப்படும்போது காலை ஊன்றி உந்துவதற்கு இன்று உலோகக் கட்டைகள் இருக்கின்றன. அந்நாளில் அவை வழக்கத்துக்கு வரவில்லை. எரிந்த நிலக்கரியின் கசடை நொறுக்கிப் பரப்பிய தடத்தில்தான் ஓட்டம். ஒவ்வொரு வீரரும் ஒரு சிறு கைக்கரண்டி கொண்டுவந்து, தம் பாதத்துக்கு ஏற்றபடி இரண்டு குழிகள் தோண்டிக்கொள்ளுவார். குழி அரை அங்குலம் தள்ளிப்போனால் உந்துவிசை வீணாகும். மண் சரிந்தால் பந்தயமே போகும். ஓவன்ஸின் உடலை இன்னும் குறுக்கி, குழிகளை நெருக்கி, துப்பாக்கி ஒலித்ததும் நிமிராமல் தாழ்வாகப் புறப்படுமாறு ஸ்னைடர் பழக்கினார். நீளத் தாண்டலில், பலகையை மிதித்து எழும்பியபின் காற்றிலே நடப்பதுபோல் கால்களை வீசி, உடல் முன்னால் கவிழ்ந்துவிடாமல் காக்கும் முறையையும் கற்பித்தார். முதலாண்டு மாணவர் பல்கலைக்கழக அணியில் போட்டியிடக் கூடாது என்பது அக்கால விதி. எனவே இந்த ஓராண்டு முழுவதும் பழகுவதற்கே கிடைத்தது. அதை அவர் குறையாகக் கொள்ளவில்லை.

இனி அந்த மே மாதத்துக்கு வருவோம்.

‘பிக் டென்’ என்று பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் போட்டி ஆன் ஆர்பரில், ஃபெரி மைதானத்தில் நடப்பதாக இருந்தது. போட்டிக்குச் சில நாட்களுக்கு முன், நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருந்தபோது ஓவன்ஸ் படிக்கட்டில் விழுந்து முதுகில் அடிபட்டுக்கொண்டார். குனிந்து காலைத் தொட முடியவில்லை. வெந்நீரில் கிடந்து பார்த்தார்; ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார். அன்று பிற்பகல் வரையில் வலி தீரவில்லை. ஓடவேண்டாம் என்று ஸ்னைடர் தடுத்தார். முதல் ஓட்டத்தை மட்டும் ஓடிப் பார்க்கிறேன், பிறகு முடிவு செய்யலாம் என்று ஓவன்ஸ் வேண்டிக்கொண்டார்.

3-15 மணிக்கு 100 கஜ ஓட்டம். குழியில் கால்வைத்துக் குனிந்ததும் வலி மறைந்ததாக அவர் பின்னர் சொன்னார். 9.4 விநாடி, உலகச் சாதனைக்குச் சமம். 3-25க்கு நீளத் தாண்டல். ஜப்பானிய வீரர் சூஹேய் நம்பு 1931இல் ஏற்படுத்திய 7.98 மீட்டரே அப்போதைய சாதனை. அந்தத் தூரத்தில் மணலுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் வைக்கச் சொன்னார். எல்லாரும் பார்க்கும்படி இலக்கை முன்னாலே அறிவிப்பது எளிய காரியமன்று. தவறினால் நகைப்புக்கு இடமாகும். அன்று அவர் தாண்டியது ஒரே தாண்டல். அது அந்த அடையாளத்தைக் கடந்து 8.13 மீட்டரில் சென்று விழுந்தது. 8 மீட்டரைத் தாண்டிய முதல் மனிதர் அவர். அந்தச் சாதனை 25 ஆண்டுகள் நின்று, 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் ரால்ப் பாஸ்டனால் முறியடிக்கப்பட்டது.

3-34க்கு வளைவில்லாத நேர்தடத்தில் 220 கஜ ஓட்டம், 20.3 விநாடி, புதிய சாதனை. 4 மணிக்கு 220 கஜத் தடையோட்டம். தடை தாண்டுவதில் அவர் பெரிய நிபுணர் அல்லர். தடைக்கும் தடைக்கும் நடுவே உள்ள வேகத்தால் குறையை ஈடுசெய்தார். 22.6 விநாடி; அதுவும் புதிய சாதனை. பார்வையாளரிடையே முதியவர் ஒருவர் இருந்தார். அவர் கிளீவ்லண்டிலிருந்து வந்திருந்த ரைலி. நான்கு ஆண்டு கழித்து வரும் வெள்ளிக்கிழமை என்று அவர் சொல்லிவந்த நாள், சற்றுப் பிந்தி, ஒரு சனிக்கிழமையாக வந்து சேர்ந்தது.

இதுவரை சொன்னது முக்கால் மணி நேரத்தின் கதை. இனி நாற்பது நாட்களின் கதை.

ஒரே நாளில் ஓவன்ஸின் பெயர் நாடெங்கும் பரவியது. ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியிலும் நான்கு பட்டங்களை வென்றார். படம் எடுப்போரும், கையொப்பம் கேட்போரும், விருந்துக்கு அழைப்போரும் சூழ்ந்தனர். 21 வயது இளைஞர் ஒருவருக்கு இவ்வளவும் ஒரே மாதத்தில் வந்தால் தலை சற்றுக் கனப்பது இயல்பே. ஓய்வும் குறைந்தது, பயிற்சியும் குறைந்தது.

ஜூலை 4ஆம் தேதி, நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் நாட்டின் முதன்மைப் போட்டி நடந்தது. ஆன் ஆர்பரிலிருந்து எண்ணினால் அது சரியாக நாற்பதாம் நாள். அங்கே யூலஸ் பீகாக் என்ற மாணவர் காத்திருந்தார். அவர் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அவரும் கறுப்பினத்தவர், அவரும் அலபாமாவில் பிறந்தவர், ஓவன்ஸைவிட ஓராண்டு இளையவர். 100 மீட்டர் ஓட்டத்தில் பீகாக் முதலாவதாக வந்தார். மெட்காஃப் இரண்டாவது. உலகத்தின் மிக விரைந்த மனிதர் என்று பத்திரிகைகள் எழுதிய ஓவன்ஸ் மூன்றாவது. போகட்டும், நீளத் தாண்டல் இருக்கிறதே என்று மக்கள் எண்ணினர். உலகச் சாதனை அவருடையதுதானே! அதிலும் பீகாக்கே மிகச் சிறிய இடைவெளியில் முந்தினார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஒரு முறை சறுக்கினால் அதைத் தற்செயல் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோடையில் பீகாக் அவரை மேலும் சில முறை வென்றார். ஓவன்ஸின் காலம் முடிந்தது, அடுத்த ஆண்டு பெர்லினில் தங்கம் வெல்லப்போவது பீகாக்தான் என்று பலரும் பேசத் தொடங்கினர்.

லிங்கனில் தோற்ற மறுநாள் ஓவன்ஸ் கிளீவ்லண்டில் திருமணம் செய்துகொண்டார். பள்ளி நாளிலிருந்து அவர் நேசித்த ரூத் சாலமனே மணமகள். தோல்வியின் மறுநாளிலிருந்து குடும்பப் பொறுப்பும் அவர் தோளில் முறைப்படி ஏறியது. துன்பம் தனியாக வருவதில்லை. சட்டமன்றத்தில் அவருக்குக் கொடுத்திருந்த ஏவலர் வேலைக்கு, அவர் பந்தயங்களுக்காக வெளியூரில் இருந்த நாட்களிலும் சம்பளம் வழங்கப்பட்டது என்ற கேள்வி எழுந்தது. விளையாட்டுக்காகப் பணம் பெற்றவர் போட்டியிடத் தகுதியற்றவர் என்பது அக்கால விதி. அவர் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, விசாரணைக்கு உட்பட்டு, தடையிலிருந்து தப்பினார். அது போதாதென்று, வகுப்பில் மதிப்பெண் குறைந்தது. அதனால் 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உள்ளரங்கப் போட்டிகள் நடக்கும் பருவத்தில், தம் பல்கலைக்கழகத்துக்காக ஓடும் தகுதியையே இழந்தார். ஒஹாயோ மாணவர்கள் அவரைத் தம் ஓட்ட அணியின் தலைவராகத் தேர்ந்திருந்தனர். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பின மாணவர் அவரே. அணியின் தலைவர், அணிக்காக ஓட முடியாமல் அமர்ந்திருந்தார்.

நண்பர்களே, ஒரு விளையாட்டு வீரரின் உண்மையான சோதனை இந்த இடத்தில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆன் ஆர்பரில் ஓவன்ஸ் முதுகு வலியை வென்றார். அது உடலின் சோதனை. லிங்கனுக்குப் பிறகு அவர் எதிர்கொண்டது மனத்தின் சோதனை. தோற்றவனுக்குச் சாக்குகள் பல உண்டு. களைத்திருந்தேன் என்று சொல்லலாம். காற்று அவருக்குச் சாதகம் என்று சொல்லலாம். உண்மையில் அன்று 100 மீட்டரில் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் பீகாக்கின் நேரம் சாதனையாக ஏற்கப்படவில்லை. ஆனால் அந்தக் காற்று எல்லாருக்கும் பின்னால்தானே வீசியது? ஓவன்ஸ் பீகாக்கின் திறமையை ஒப்புக்கொண்டார். வள்ளுவர் இடுக்கண் அழியாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்திருக்கிறார். துன்பம் வராது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. வரும்போது நிலைகுலையாதிருக்க வேண்டும் என்பதே அவர் நெறி.

ஓட முடியாத மாதங்களில் ஓவன்ஸ் செய்தது மூன்று காரியங்கள். பாடங்களைப் படித்துத் தகுதியை மீட்டார். உடலுக்கு ஓய்வு கொடுத்தார். ஸ்னைடரோடு அமர்ந்து, தொடக்கநிலை மாணவர்போல் புறப்பாட்டை மீண்டும் பழகினார். உலகச் சாதனை படைத்தவர், கைக்கரண்டி எடுத்துக்கொண்டு மறுபடியும் குழிதோண்டக் கற்றுக்கொண்டார். 1936 ஜூன் 20ஆம் தேதி சிக்காகோவில் நடந்த கல்லூரிப் போட்டியில் அவர் 100 மீட்டரை 10.2 விநாடியில் ஓடினார். அது புதிய உலகச் சாதனை.

பீகாக் என்ன ஆனார்? அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு தொடரோட்டத்தில் அவருடைய தொடைத் தசை கிழிந்தது. ஜூலை மாதத்தில் நியூயார்க்கில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு அவர் காயம் ஆறாமலே வந்தார், தேர்வு பெறவில்லை. அதே போட்டியில் ஓவன்ஸ் 100 மீட்டர், 200 மீட்டர், நீளத் தாண்டல் மூன்றிலும் வென்று கப்பல் ஏறினார். ஆகஸ்டு மாதத்தில் பெர்லினில் அந்த மூன்றிலும், அணியோடு ஓடிய 400 மீட்டர் தொடரோட்டத்திலும் தங்கம் வென்றார். எஞ்சியது உலகம் அறிந்த வரலாறு.

பீகாக் காயம் இல்லாமல் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. நான்கு பதக்கங்களில் ஒன்றோ இரண்டோ கைமாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். நாம் அறிவது ஒன்றுதான். வெற்றியில் நம் முயற்சிக்கு எட்டாத பகுதி ஒன்று உண்டு. யாருடைய தசை கிழியும், யாருடைய முதுகு தேறும் என்பது நம் கையில் இல்லை. அந்த வேளை வரும்போது ஆயத்தமாக இருப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. 1936இன் அந்தக் குளிர்காலத்தில் ஓவன்ஸ் மனம் கசந்து ஒதுங்கியிருந்தால், பீகாக்கின் காயம் அவருக்கு எந்தப் பயனும் அளித்திராது. நாலு பதக்கம் வாங்கியவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவரை வென்ற மாணவரின் பெயரையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

கதையின் பிற்பகுதியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மறைப்பது நேர்மையாகாது. பெர்லினிலிருந்து திரும்பிய ஓவன்ஸ் தம் பட்டப்படிப்பை முடிக்கவில்லை. ஐரோப்பாவில் தொடர்ந்து காட்சிப் பந்தயங்கள் ஓட மறுத்ததற்காக, விளையாட்டுச் சங்கம் அவரை விலக்கிவைத்தது. 22 வயதில், வேகத்தின் உச்சத்தில், அவருடைய போட்டி வாழ்க்கை முடிந்தது. குடும்பத்தைக் காக்க, குதிரைகளோடு பந்தயம் ஓடிக்காட்டிப் பணம் பெறும் நிலையும் வந்தது. பல ஆண்டு அல்லலுக்குப் பிறகே வாழ்க்கை சீரடைந்தது. 1955இல் தம் நாட்டின் நல்லெண்ணத் தூதராக நம் இந்தியாவுக்கும் வந்து சென்றார். விடுதியில் இடம் தராத அதே ஒஹாயோ பல்கலைக்கழகம் 1972இல் அவருக்கு மதிப்பியல் டாக்டர் பட்டம் அளித்தது. 1980ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி அவர் காலமானார்.

இதிலிருந்து இரண்டு வகையான மாணவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

ஓடுகின்ற மாணவர்களே! உங்கள் கால்கள் உங்களுக்குப் பத்தாண்டுகள் துணைவரும். படிப்பு அதற்குப் பிறகும் துணைவரும். ஓவன்ஸ் சோம்பலால் பட்டத்தை இழக்கவில்லை. வறுமையாலும் வேலைச் சுமையாலும் இழந்தார். உங்களுக்கு அந்தச் சுமை இல்லையென்றால், புத்தகத்தை மூடிவைக்க உங்களுக்கு எந்த நியாயமும் இல்லை. தோற்று வரும் நாளில் சாக்குத் தேடாதீர்கள். உங்களை வென்றவர் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு, மறுநாள் காலையில் மைதானத்துக்குச் செல்லுங்கள்.

ஓடாத மாணவர்களே! உங்கள் கல்லூரியின் பெயரைத் தன் மார்பில் தாங்கி ஓடும் மாணவன் எங்கே தங்குகிறான், என்ன உண்கிறான், எந்த வேலை செய்து படிக்கிறான் என்று எப்போதாவது கேட்டதுண்டா? அவன் வென்று வந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு வலம்வருவதற்கு நாம் எல்லாரும் ஆயத்தமாக இருக்கிறோம். ஆன் ஆர்பரிலும் கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆரவாரம் செய்தவர்களில் எத்தனை பேர் அன்றிரவு அவரைத் தம் மேசையில் உட்காரவைத்து உணவு பரிமாறியிருப்பார்கள்? கைதட்டுவது எளிது, பக்கத்தில் இடம் கொடுப்பதே கடினம். ரைலி என்ற ஏழை ஆசிரியர், தம் கைச்சோற்றைக் கொடுத்து ஒரு சிறுவனை வளர்த்தார். அத்தகைய ஒருவர் இருந்ததால்தான் அந்த முக்கால் மணி நேரம் உலகத்துக்குக் கிடைத்தது.

உங்கள் மைதானத்தில் நாளை அதிகாலை யாரேனும் ஒரு மாணவன் தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம். போய்ப் பாருங்கள். உங்களால் ஓட முடியாவிட்டாலும், கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்க்கவாவது அவனுக்கு ஒருவர் வேண்டியிருக்கும்.